தோட்டத்துக்கு அம்பியூலன்ஸ் வாங்கலாமா?

கேள்வி: 2025 ஜூன் 8

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் விழுந்ததிலிருந்து எங்கள் பையன்கள் ஒரே பேச்சு, நாமும் ஒரு மீட்புக் குழு தொடங்க வேண்டும் என்று. திருவிழாக் காசில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற இரண்டு பேர் தருவதாகச் சொல்கிறார்கள். பழைய வேன் ஒன்று எடுத்து அம்பியூலன்ஸாக மாற்றலாம் என்று யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு முடியும், என்னென்ன அனுமதி எடுக்க வேண்டும்?

2025 ஜூன் 10

வாங்காதீர்கள்.

கோபம் வரும், தெரியும். நாங்களும் ஒரு தடவை வாங்கினோம். மஸ்கெலியாப் பக்கம், தோட்டத்தின் பெயர் வேண்டாம். கோயில் காசும் கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் தந்த காசும் சேர்த்து எடுத்த வேன். முதல் ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடியது, அப்புறம் டயர் போனது, அப்புறம் இன்சூரன்ஸ் கட்ட நாள் வந்தது, டிரைவராக நின்ற பையன் கொழும்புக்கு வேலைக்குப் போனான், கடைசியில் வேன் மரக்கறி ஏற்றியது, கல்யாணத்துக்குப் போனது, இப்போது ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது, உள்ளே கோழி அடைக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கோழி.

வண்டி நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1990 என்ற நம்பருக்குப் போன் எடுத்தால் வருகிற அம்பியூலன்ஸ். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கினார்கள், அப்புறம் நம் பக்கமும் வந்துவிட்டது. காசு கேட்பதில்லை. உள்ளே பயிற்சி எடுத்த ஒருவர் இருப்பார், ஒட்சிசன் இருக்கும். நீங்கள் வாங்கப்போகிற பழைய வேனில் என்ன இருக்கும்? ஒரு பெஞ்சும் ஒரு சிவப்பு லைட்டும்.

நம் ஆட்களுக்கு எமனாக இருப்பது நாம் குடியிருக்கிற வரிசை வீடான லயத்துக்கும் வண்டி வந்து நிற்கிற இடத்துக்கும் நடுவில் கிடக்கிற தூரம். எங்கள் தொங்கல், அதாவது கடைசி, லயத்திலிருந்து கார்பெட் ரோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி படிக்கட்டு, மீதி கொழுந்து மலை நடுவே ஒற்றையடிப் பாதை. பையன்கள் ஓடினால் பன்னிரண்டு நிமிடம். ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஐம்பது நிமிடம், மழை என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தோம்.

பேப்பரில் ‘நோயாளர் காவு வண்டி’ என்று போடுவார்கள். வண்டி கீழே வந்து நிற்கும். அதுவரைக்கும் காவுவது, அதாவது சுமப்பது, நாம்தான். அதற்கு என்ன வழி என்று முதலில் பாருங்கள்.

2025 ஜூன் 10, இரவு

போயா (பௌர்ணமி) லீவு, அதனால் இன்னும் ஒன்று எழுதுகிறேன்.

கெரண்டி எல்லயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மே 11 விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ், 20 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதிரிப் பள்ளத்தில் முதலில் இறங்குவது பக்கத்தில் குடியிருக்கிறவர்கள்தான். அதனால் உங்கள் பையன்களின் ஆசை நியாயமானதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இறங்குகிறவன் என்ன செய்வான்? கையைப் பிடித்து இழுப்பான். நானும் இழுத்தேன். எங்கள் முடக்கில் ஒரு வேன் உருண்டபோது டிரைவர் பக்கத்தில் இருந்தவரை இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து அப்படியே வெளியே எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறை. கழுத்தெலும்பு அடிபட்டிருந்தால் அந்த ஒரு இழுவையில் ஆளுக்குக் கைகால் விழுந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் நிதானமாகச் சொன்னார். அவர் இப்போது நடக்கிறார். நான் சரியாகச் செய்ததால் இல்லை.

நெருப்பு, தண்ணீர், மேலே இருந்து கல் உருளுகிற இடம், இந்த மூன்றும் இல்லையென்றால் ஆளை அசைக்காமல் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கதை கொடுங்கள். உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய கஷ்டம். சுற்றி நிற்கிற சனம் விடாது. “என்னா பாத்துக்கிட்டு இருக்க, தூக்குடா” என்பார்கள்.

2025 ஜூன் 13

சரி, வேன் வேண்டாம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஒரு கொப்பி போதும்.

தோட்டத்துக்கு எத்தனை பெயர்? வெள்ளைக்காரத் துரை வைத்த ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று, நம் தாத்தாமார் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் ஒன்று, பஸ் கொண்டக்டர் கத்துகிற பெயர் ஒன்று. டிவிசனுக்கு வேறு, மேல்பிரிவு மேக்கணக்கு, கீழ்ப்பிரிவு பணியகணக்கு. மாரடைப்பு வந்தவரின் மகள் 1990க்கு எடுத்து “பணியகணக்கு, கோயிலுக்குப் பக்கத்து லயம்” என்றால் எந்தக் கோயில்? லயத்துக்கு ஒரு மாரியம்மன் இருக்கிறாள். போனை எடுத்தவர் மேல் தப்பில்லை. பாவம், அவருடைய மெப்பில் இருப்பது துரை வைத்த பெயர்.

அதனால் நாங்கள் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு அட்டை எழுதித் தொங்கல் காம்பராவின், அதாவது கடைசி அறையின், சுவரில் ஒட்டினோம். தோட்டத்தின் எல்லாப் பெயரும், வண்டி எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்த இடத்துக்கு மேல் வண்டி ஏறாது, அங்கே யார் டோர்ச்சோடு நிற்பார். போன் எடுக்கிறவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும். சந்தியில் ஒரு ஆள் நிற்பது சின்ன விஷயமாகத் தெரியும். ராத்திரி பனி மூட்டத்தில் டிரைவருக்கு அது பெரிய விஷயம்.

2025 ஜூன் 22

இந்த இழையில் ஒருவர், “எங்கள் காலத்தில் கொழுந்து லொறிதான் அம்பியூலன்ஸ், அதில் போயும் பிழைத்தோம்” என்று எழுதியிருக்கிறார். எழுதுங்கள் ஐயா. எனக்கு வேறு கதை இருக்கிறது.

2003, மார்கழி மாதம். அப்பாவுக்கு 51 வயது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் கத்தியோடு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் கெட்டி விரிப்பான ஒரு படங்கில் தூக்கி வந்தார்கள். வாகனம் கேட்டு ஆள் போனது. கையெழுத்து வைக்க வேண்டியவர் இல்லை, சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போய்விட்டார். கடைசியில் கொழுந்து லொறி வந்தது. கொழுந்தை இறக்க நேரமில்லை. கொழுந்துச் சாக்குகளுக்கு மேலேயே அப்பாவைப் படுக்கவைத்தோம். நான் பக்கத்தில். பச்சைக் கொழுந்து வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது, தோட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்வது வேடிக்கைதான். பாலத்துக்குப் பக்கத்தில் அவர் மூச்சு நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அதையேதான் செய்தேன்.

பத்து வருடமாக லொறியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தைத் திட்டினேன், சாவி வைத்திருந்தவரைத் திட்டினேன். அப்புறம் ஹட்டனில் மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி. இரண்டாம் நாள் பொம்மையின் நெஞ்சில் கை வைத்து அமுக்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், 30 அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. எனக்குக் கை ஓடவில்லை. பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என் இரண்டு கையும் சும்மா இருந்தன.

அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? பயிற்சி தந்தவரிடம் கேட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. மின்சார அதிர்ச்சி கொடுக்கிற கருவி இல்லாமல் இருபது நிமிடம் என்பது கஷ்டம் என்றார். சரி.

2025 ஜூன் 23

நேற்று எழுதியதைக் காலையில் வாசித்தேன். அழிக்கலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். ஒன்று மட்டும்: சாவி வைத்திருந்தவர் பிற்பாடு எங்கள் குழுவில் சேர்ந்தார். ஸ்ட்ரெச்சரின் முன்கம்பு எப்போதும் அவர்தான் பிடிப்பார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

2025 ஜூலை 5

ஸ்ட்ரெச்சர் எங்கே வாங்குவது என்று கேட்டீர்கள். முதலில் செய்யுங்கள், அப்புறம் வாங்கலாம். இரண்டு உரச்சாக்கு, நல்ல கெட்டியானவை. அடி மூலை இரண்டையும் வெட்டி, இரண்டு கம்பை நுழைத்து, அடுத்த சாக்கை எதிர்ப்பக்கமாக மாட்டினால் ஆள் படுக்கிற அளவு வந்துவிடும். உயரமான ஆளுக்கு மூன்று சாக்கு. எட்டடிக் கம்பு வையுங்கள். உரம் போட்ட சாக்கைக் கழுவிக் காயவையுங்கள், காயத்தில் அது பட்டால் எரியும் (பட்டவர் எங்களைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது).

தூக்க நாலு பேர் போதும் என்பார்கள். சமதரையில் போதும். நம் படிக்கட்டில் ஆறு பேர் வேண்டும். முன்னூறு அடிக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும், அதனால் பின்னாலேயே இன்னும் ஆறு பேர் நடக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பதினெட்டுப் பேர் இருந்தால் யாருக்கும் முதுகு போகாது. ஒருவர் தூக்காமல் முன்னால் போய் “படி”, “கல்லு”, “வழுக்குது” என்று சொல்லிக்கொண்டே போவார், அவர் சத்தத்துக்குத்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். மேலே ஏறும்போது தலை முன்னால். கீழே இறங்கும்போது கால் முன்னால். தலை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். கால் முறிந்தவர் என்றால் இறங்கும்போது மாற்றிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் உடம்புப் பாரம் முழுக்க அந்தக் காலில் இறங்கும்.

பயிற்சிக்கு நோயாளியாகப் படுக்க எப்போதும் மெலிந்த பையனைத்தான் பிடிப்பார்கள். தப்பு. எங்கள் கணக்கப்பிள்ளையைப் படுக்க வையுங்கள், தொண்ணூறு கிலோ, அப்போது தெரியும்.

உடுப்பு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயோ. எங்கள் குழு ஏறக்குறைய உடைந்தது அதில்தான். சிவப்பு என்றால் ஒரு சங்கம், பச்சை என்றால் ஒரு கட்சி, நீலம் என்றால் இன்னொரு கட்சி, மஞ்சள் எடுத்தால் அதற்கும் ஒரு தலைவர் இருக்கிறார். மூன்று கூட்டம் போட்டோம். கடைசியில் ரோட்டு வேலைக்காரர் போடுகிற செம்மஞ்சள் மேல்சட்டை, அதையும் ஒருவர் “இது யாருடைய நிறம்?” என்று சந்தேகமாகப் பார்த்தார். யாருடையதும் இல்லை, பனியில் தெரியும், அவ்வளவுதான்.

2025 ஜூலை 19

குளவி. தோட்டத்தில் மீட்புக் குழு என்றால் பாதி வேலை இதுதான். பஸ் விபத்தைப் பற்றி இவ்வளவு எழுதினோம், குளவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கடித்த இடத்திலேயே ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்று கொட்டினால் அந்த வாசத்துக்கு மற்றவையும் வரும். தலையைப் படங்கால் மூடிக்கொண்டு தூரமாக இழுத்துப் போங்கள். உதடு, நாக்கு வீங்குகிறது, குரல் மாறுகிறது, மயக்கம், வாந்தி என்றால் நேரம் இல்லை என்று அர்த்தம். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, அது வண்டியிலோ ஆஸ்பத்திரியிலோதான். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுப்பி நடக்கவைக்காதீர்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்காரவிடலாம். கொடுக்கு உள்ளே இருந்தால் அது தேனீ. நகத்தால் பிடித்துப் பிடுங்காதீர்கள், அட்டை ஒன்றால் பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். காலை பதினொரு மணிக்கு மலையில் யார் இருக்கிறார்கள்? உங்கள் பையன்கள் இல்லை. பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் டவுனில், ஆட்டோ ஓட்டுகிறார்கள். மலையில் நிற்பது கொழுந்து எடுக்கிற பெண்கள். குளவி கொட்டுவதும் அவர்களைத்தான், முதலில் தூக்குவதும் அவர்கள்தான். எங்கள் குழுவில் முதல் இரண்டு வருடம் ஒரு பெண் கூட இல்லை. அந்த முட்டாள்தனத்தை எத்தனை பேர் சேர்ந்து செய்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் நாங்கள் செம்மஞ்சள் சட்டையும் மாட்டிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு அக்கா ஏற்கெனவே இரண்டு கொழுந்துக் கூடைக் கயிறும் படங்கும் வைத்து ஆளைக் கட்டிப் பாதி மலை இறக்கியிருந்தார். எங்களைப் பார்த்து, “வந்துட்டீங்களா தம்பி, அந்தப் பக்கம் புடிங்க” என்றார். கொஞ்சமும் நக்கல் இல்லாமல். அதனால் இன்னும் உறைத்தது.

அவர்களைச் சேர்க்கும்போது இன்னொன்றும் பேசி வையுங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்வந்தால் கொழுந்து நிறை குறையும், மாலையில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும். பக்கத்தில் நின்றவள் உயிருக்குப் போராடும்போது அரைப்பேரை நினைப்பார்களா என்று கேட்காதீர்கள். நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது, வீட்டில் அரிசி அதில்தான். நாங்கள் கங்காணியையும் வைத்துக்கொண்டு பேசி முழுப்பேர் வாங்கினோம். எழுத்தில் கேட்டோம், கிடைக்கவில்லை. வாய்வார்த்தையில் நடக்கிறது.

2025 ஜூலை 20

மேலே கொடுக்கைப் பற்றிச் சொன்னது தப்பு, அல்லது பழசு. ஒரு தாதி எனக்குத் தனியாக எழுதினார். சுரண்டுவதா பிடுங்குவதா என்பது பெரிய விஷயமில்லையாம், எப்படியாவது உடனே எடுப்பதுதான் முக்கியமாம், அட்டை தேடி நிற்கிற நேரத்தில் விஷம் ஏறும். பத்து வருடமாக அட்டை, அட்டை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 3

பயிற்சி எங்கே? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாவட்டக் கிளைகள் இருக்கின்றன, சென் ஜோன்ஸ் இருக்கிறது, இரண்டும் முதலுதவி சொல்லிக் கொடுக்கின்றன. எழுதிக் கேட்கும்போதே தமிழில் சொல்லித் தருகிறவர் வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று நாள் வகுப்பில் பாதி நேரம் மொழிபெயர்ப்பில் போனால் பொம்மையை அமுக்க நேரம் இருக்காது.

பொம்மை என்றதும் ஞாபகம். பிள்ளைகளை விட்டுப்போகிற எங்கள் பிள்ளைக்காம்பராவில் வைத்து வகுப்பு நடந்தது. பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ரொம்ப நேரம் பொறுத்துவிட்டு, “காலும் இல்லாத புள்ளைய ஏன்டா இப்பிடிப் போட்டு அமுக்குறீங்க?” என்று கேட்டார். அன்றைக்கு அப்புறம் வகுப்பு நடக்கவில்லை.

அமுக்குவதைப் பற்றி ஒரு திருத்தம். முன்பு ஒரு இடத்தில், தெரியாதவர் வாயில் மூச்சு ஊதத் தயங்கினால் நெஞ்சை மட்டும் அமுக்குங்கள் என்று எழுதியிருந்தேன். திடீரென்று விழுந்த பெரியவருக்கு அது சரி. தண்ணீரில் மூழ்கியவருக்குச் சரியில்லை. அவருக்குக் குறைந்தது மூச்சுக்காற்று, அதனால் முதலில் மூச்சு ஊதிவிட்டுத்தான் அமுக்க வேண்டும். மவுசாகலை, காசல்ரி, மேல் கொத்மலை என்று சுற்றிலும் நீர்த்தேக்கம் வைத்திருக்கிற நாம் இதை மறக்கக் கூடாது. நீந்தத் தெரியாதவன் காப்பாற்றக் குதிக்கவும் கூடாது. ஒரு கயிறு, ஒரு வெற்றுக் கேன், கரையில் படுத்துக்கொண்டு எறியுங்கள்.

நிஜமாகக் கை பழக வேண்டும் என்றால் சிவனொளிபாதமலை சீசனில் ஒரு வாரக் கடைசி நல்லதண்ணிப் பக்கம் முதலுதவிப் பந்தலில் போய் நில்லுங்கள். மார்கழிப் போயாவிலிருந்து வைகாசி வெசாக் போயா வரை சனம் ஏறும். 2,243 மீட்டர், ஐயாயிரத்துக்கு மேல் படி, அதுவும் ராத்திரிக் குளிரில். ஏறுகிறவரைவிட இறங்குகிறவர்தான் அதிகம் வருவார், முழங்கால் நடுங்க. விரதம் இருந்து ஏறுகிற சீனி வருத்தக்காரர் (நீரிழிவு உள்ளவர்) சீனி குறைந்து வியர்த்து விறுவிறுத்து உளறுவார், சனம் சாமி வந்துவிட்டது என்று ஒதுங்கி நிற்கும். முழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சீனி நிறையப் போட்டு ஒரு தேத்தண்ணி. பத்து நிமிடத்தில் சாமி மலையேறிவிடும்.

2025 செப்டம்பர் 5

நேற்று இரவு எல்ல, வெல்லவாய ரோட்டில் பஸ். 15 பேர் செத்தார்கள் என்கிறார்கள்.

ராகலைத் தம்பி, கயிறு பற்றி இதுவரை நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். பள்ளத்தில் இறங்குகிற கயிறு வேலை வேறு. அது ராணுவமும் பயிற்சி உள்ளவர்களும் செய்கிற வேலை. ஆசையில் கொடிக்கயிறைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒருவரைத் தூக்கப் போன இடத்தில் இரண்டு பேரைத் தூக்க வைக்காதீர்கள். இன்றைக்கு வேறு எழுத மனமில்லை.

2025 அக்டோபர் 29

இன்றோடு பதினொரு வருடம். 2014, மீரியபெத்த மண்சரிவு. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மலை இறங்கியது. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

நாங்கள் மறுநாள் போனோம், பதினாலு பேர், மண்வெட்டியோடு. சேற்றில் மண்வெட்டி ஒன்றும் செய்யாது. வெட்டுகிற இடத்தில் திரும்ப வந்து மூடும். மேலே இன்னும் மண் அசைகிறது, ராணுவத்தினர் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னது சரி.

வேறு வேலை கிடைத்தது. எத்தனை பேர் உள்ளே? முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், நாளாக நாளாகக் கணக்கு குறைந்தது. பேர் போடுகிற புத்தகத்தில் வேலைக்காரர் பெயர் மட்டும் இருக்கும். கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்து நின்றவர், மகளைப் பார்க்க வந்த தாய், வேலை நின்ற கிழவர், அவர்கள் எந்தப் புத்தகத்தில்? நான் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து பெயர் எழுதினேன். ஒரு சின்னப் பெண் தன் வீட்டில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னாள், எண்ணி முடித்ததும் திரும்பவும் முதல் விரலிலிருந்து தொடங்கினாள். மூன்று தடவை. நான் மூன்று தடவையும் எழுதுவது போல் பாவனை செய்தேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அந்த இடத்தை விட்டு எழும்பச் சொல்லியிருந்தது. எழும்பி எங்கே போவது என்பதுதான் கேள்வியாக இருந்தது, இன்னும் பல லயங்களுக்கு அதுதான் கேள்வி.

ஜூனில் கொப்பி போதும் என்று எழுதினேனே, அதில் இன்னொரு பக்கம் சேருங்கள். லயம் லயமாக, காம்பரா காம்பராவாக, இன்றைக்கு ராத்திரி யார் யார் படுக்கிறார்கள். மழைக் காலத்தில் வாரம் ஒரு தடவை திருத்துங்கள். எங்கள் லயத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைச் செய்கிறார்கள். யார் வீட்டில் யார் வந்து நிற்கிறார் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

மழையும் அளந்து பாருங்கள். நேரான பக்கம் உள்ள பிளாஸ்டிக் போத்தல், மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் புனல். அடியில் வளைவை மறைக்கிற அளவு கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டு அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு இந்தக் கணக்குத்தான்.

2025 டிசம்பர் 14

இன்றைக்குத்தான் போனில் சார்ஜும் சிக்னலும் சேர்ந்து இருக்கிறது, மனமும் கொஞ்சம் இருக்கிறது. டித்வா புயல் முடிந்து இரண்டு வாரம். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாவில் மண்சரிவு எங்கே என்று கேட்பதைவிட எங்கே இல்லை என்று கேட்கலாம். ராகலைத் தம்பி, நீங்கள் எல்லாரும் பத்திரம் என்று எழுதியதைப் பார்த்தேன்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதில் நான் எழுதியவற்றில் பாதி அடிபட்டுப் போகும்.

நவம்பர் 27ஆம் தேதி ராத்திரி போத்தல் 150ஐத் தாண்டியது. கரண்ட் இல்லை. போன் இல்லை. நான் பெருமையாக எழுதிய அட்டை சுவரில் பத்திரமாக இருந்தது, 1990க்கு எப்படி எடுப்பது? அட்டையில் அதற்கு வழி எழுதவில்லை. லயம் லயமாக ஓடிக் கதவைத் தட்டினால் மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கோயில் தப்பு மேளத்தை எடுத்து அடித்தது என் மகன், கேட்காமலே. நம் ஊரில் ராத்திரி தப்புச் சத்தம் என்றால் என்ன அர்த்தம்? எல்லாரும் “யாரு செத்தது?” என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்ததே போதும் என்று அப்படியே பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் டோர்ச்சோடு நின்று பெயர் வாசித்தார்கள். ஒரு பெயர் குறைந்தது. மாட்டுப் பட்டிக்குத் திரும்பிப் போனவர்.

அவர் மேல் பட்டிச் சுவர் விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி, உரச்சாக்கு ஸ்ட்ரெச்சரில் விடியும் வரை பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்தோம். விடிந்ததும் பார்த்தால் ரோடு இரண்டு இடத்தில் இல்லை. புதிதாகச் சரிந்த மண் மேல் கால் வைக்கக் கூடாது, அதனால் மேக்கணக்கைச் சுற்றிப் போனோம். இருபத்தெட்டுப் பேர். பதினாறு பேர் பெண்கள். முன்னால் சத்தம் கொடுத்தது குளவிக்கொட்டு அக்கா. தலைப்பக்கம் முன்னால் வைத்து இறங்கினோம், கால் முறிந்தவர் என்பதால். நாலரை மணித்தியாலம். இரண்டு பையன்களை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தோம், அந்தப் பக்கம் ஏதாவது வண்டி கிடைத்தால் நிறுத்தச் சொல்லி.

கிடைத்தது கொழுந்து லொறி. அந்த ரோட்டுத் துண்டில் ஓடக்கூடியது அது ஒன்றுதான். டிரைவர் யாரிடமும் கேட்கவில்லை, கையெழுத்தும் வேண்டவில்லை, உள்ளே நாலு வெற்றுச் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பின்னால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாசம் அப்படியே இருந்தது. ஆள் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காலில் கம்பி போட்டிருக்கிறார்கள், மாட்டைப் பற்றித்தான் கேட்கிறாராம்.

ஜூனில் லொறிக்காரப் பெரியவருக்கு எழுதிய பதிலை வாபஸ் வாங்குகிறேன். முழுவதும் இல்லை.

2025 டிசம்பர் 15

கம்பு எட்டடி என்று எழுதியிருந்தேன். மேக்கணக்குப் படிக்கட்டு முடக்கில் அது திரும்பவில்லை, அங்கேயே நின்று வெட்டினோம். ஏழடி போதும்.

கிழங்கு மூட்டையைப் படுக்கவைத்துப் பழகுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிழங்கு முனகாது, தம்பி. ஆளைப் படுக்க வையுங்கள்.